இருநூற்றுப் பதினாறாம் சுற்று

நாலாம் நம்பரைப் பற்றி அறிக்கையில் நான் எழுதியது பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதுதான் என் தொல்லையே. பச்சைப் பொய்யாக இருந்திருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரும் பாவ அறிக்கை சொல்லும்போது அதையும் கூட்டத்தோடு கூட்டமாக இறக்கி வைத்திருப்பேன். இது அப்படி இறங்குகிற சரக்கு இல்லை.

என் பெயர் ஜெபிதா. சொந்த ஊர் சங்கரன்கோவில். சென்னைக்கு வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருஷமாக வேலை. மனிதர்களுக்குப் பொருத்தப்போகிற செயற்கை மூட்டுகளை, முதலில் மெஷினில் மாட்டி நடக்கவைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. இடுப்பு, முழங்கால் எல்லாம் பார்த்திருக்கிறேன். கடைசி மூன்று வருஷமாகக் கணுக்கால்.

கணுக்கால் மூட்டு பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. கீழ்க்கால் எலும்பின் முனையில் ஓர் உலோகத் தகடு, பாத எலும்பின் மேல் ஓர் உலோகக் குமிழ், இரண்டுக்கும் நடுவில் பிஸ்கட் கனத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக். மொத்த பாரமும் அந்தப் பிளாஸ்டிக்கின் தலையில்தான். எங்கள் மெஷினில் ஆறு இடங்கள். ஆறு மூட்டுகளை மாட்டி, கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் மூழ்கவைத்து, நொடிக்கு ஓர் அடி வீதம் ஐம்பது லட்சம் அடி நடக்கவிடுவோம். மனுஷன் ஐந்து வருஷம் நடக்கிற நடையை அது இரண்டு மாதத்தில் நடந்துவிடும். டீ குடிக்காது, லீவு கேட்காது. சீரம்தான் நாறும். துப்பட்டாவில் ஏறினால் இரண்டு அலசுக்கும் போகாது.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம், முப்பத்தோரு லட்சத்துச் சொச்சம் அடியில் மெஷின் தானாக நின்றது. நாலாம் இடத்தில் கோளாறு என்று திரை காட்டியது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்த இடத்திலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் வருவதாக இரவு ஷிப்டுக்காரர் நோட்டில் எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன்.

இப்படி நின்றால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. எதையும் தொடுவதற்கு முன்னால், மூட்டைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளும் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்று அதற்குரிய ரெஞ்சை வைத்து அளந்து எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் கழற்றவேண்டும். போல்ட் தளர்ந்து மூட்டு ஆடியிருந்தால் குற்றம் எங்கள் மேல். அந்தச் சோதனை செல்லாது, வேறு மூட்டை மாட்டி முதலிலிருந்து ஓட்டலாம். போல்ட் இறுக்கமாக இருந்து பிளாஸ்டிக் உடைந்திருந்தால் குற்றம் மூட்டின் மேல். அந்த மூட்டை மனிதருக்கு வைக்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். நான்கு போல்ட், நான்கு எண், ஐந்து நிமிஷ வேலை.

அன்றைக்கு ராத்திரி எனக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். மறுநாள் ஊரில் தங்கை ஜாய்லினுக்கு நிச்சயதார்த்தம். புடவைக்கு ஜாக்கெட்டை இன்னும் தையல்காரரிடமிருந்து வாங்கவில்லை. கை பரபரவென்று வேலை செய்தது. எழுதுபலகையை எடுத்து வைத்து நிமிர்ந்தபோது நான்கு போல்ட்டுகளும் தட்டில் கிடந்தன. அளக்கவே இல்லை. பிளாஸ்டிக்கின் உள்பக்க விளிம்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

மூன்றாவது போல்ட் கொஞ்சம் இலேசாகக் கழன்றது போல ஞாபகம். ‘போல’தான். எனக்கு அப்படி இருக்கவேண்டும் என்று தோன்றியதா, அப்படி இருந்ததா என்று அன்றைக்கே தெரியவில்லை. படிவத்தில், ‘மூன்றாவது போல்ட் தளர்ந்த நிலையில் காணப்பட்டது’ என்று எழுதினேன்.

மேனேஜர் பாண்டிராஜ் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “அப்போ மூட்டப் பிடிக்கிற நம்ம ஃபிக்சர் பிரச்சினைதான்மா. மூட்டு மேல தப்பில்ல. ஸ்பேர்ல ஒண்ண எடுத்து மாட்டிடு” என்றார்.

மாட்டினேன். அது ஐம்பது லட்சமும் ஒழுங்காக நடந்தது. அறிக்கையில் ‘ஆறுக்கு ஆறு தேர்ச்சி’ என்று முதல் பக்கத்தில் போட்டோம். போல்ட் கதை நாற்பத்தோராம் பக்கத்தில், எறும்பு எழுத்தில், அடிக்குறிப்பாகப் போனது. ஜாக்கெட்டும் சரியாகத்தான் தைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது.

அந்த நிச்சயதார்த்தத்துக்கு முத்துமாரி அக்கா வந்திருந்தாள். எங்கள் தெருவில் எதிர்வரிசையில் மூன்றாவது வீடு. அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது. விசைத்தறிக் கூடத்தில் நான்கு தறிகளை ஒரே ஆளாகப் பார்ப்பவள். நாள் முழுக்க நின்றபடியேதான் வேலை. அதற்கு ஆறு வருஷம் முன்னால் திருவேங்கடம் ரோட்டில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பின்னால் வந்த பைக் மோதி வலது கணுக்கால் நொறுங்கிப்போனது. எலும்பு கூடினாலும் மூட்டு கூடவில்லை. அன்று பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டே, காலை இழுத்து இழுத்து நடந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

“மூட்ட இறுக்கி ஒட்ட வச்சிருவோம்னு டாக்டர் சொல்லுதாரு மக்கா. வலி போவும், ஆனா காலு மடங்காதாம். மடங்காத கால வச்சிக்கிட்டு தறிக்கு நடுவுல எப்படித் திரும்ப?” என்று கேட்டாள்.

நான் அப்போது சொன்னதை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. “கொஞ்சம் பொறுங்கக்கா. புது மூட்டு ஒண்ணு வருது. எங்க மெஷின்லதான் ஓடுது. என் கையால டெஸ்ட் பண்ணுனது” என்றேன். பெருமை. முந்தின நாள்தான் விரிசலைப் பார்த்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறேன். மறுநாள் பெருமை பேசுகிறேன். இந்த வாயை என்ன செய்வது?

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த மூட்டை முதல்முறையாகப் பொருத்திப் பார்க்க ஆள் எடுத்தார்கள். அக்காவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். படிவத்தைக்கூட நான்தான் போனிலேயே கேட்டுக் கேட்டு நிரப்பினேன். ‘ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? நீண்ட தூரம் வெறுங்காலோடு நடக்கும் பழக்கம் உண்டா?’ என்று ஒரு கேள்வி.

“நடக்கதா? வீட்டுக்கும் தறிக்கும் நடக்கேன். வேற எங்க போவப்போறேன்?” என்றாள்.

‘இல்லை’ என்று குறித்தேன்.

ஆடிச்சுற்றைப் பற்றி அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய நாளிலிருந்து தபசு வரை பன்னிரண்டு நாள் எங்கள் ஊர்க் கோயிலை ஜனங்கள் சுற்றுவார்கள். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று நேர்ந்துகொண்டு சுற்றுவார்கள். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தபசு நிற்கிறாள். சுற்றுகிறவர்களின் கால்வலியை அவளே வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. அதனால் சுற்றுகிறவர்களுக்கு அது நடை இல்லை, வேண்டுதல். முத்துமாரி அக்காவிடம் ‘நடப்பீர்களா’ என்று கேட்டால் அது அவள் கணக்கில் வராது. எனக்கோ ஆடி மாதம் என்றால் ரதவீதியில் பஸ் போகாது என்பதுதான் ஞாபகம். நாங்கள் வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அந்தக் கேள்விக்கு நேராக ‘இல்லை’ என்று டிக் அடித்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. போன வருஷம் மே மாதம். மூன்று மாதத்தில் கம்பு இல்லாமல் நடந்தாள். வீடியோ அனுப்பினாள். தறிக்கு நடுவில் சட்டென்று திரும்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அதை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்க்கமாட்டேன், கணுக்காலைத்தான் பார்ப்பேன்.

இந்த ஆடியில் கொடியேறி ஐந்தாம் நாள் காலையில் அம்மா போன் பண்ணினாள். அம்மா சுந்தரபாய், ரிட்டயர்டு டீச்சர். எதையும் பாடம் எடுக்கிற மாதிரி நிறுத்திச் சொல்வாள்.

“ஏட்டி, ஒரு சங்கதி கேட்டியா? முத்துமாரி ஐந்நூத்தியொரு சுத்து நேந்திருக்கா. யாருக்குன்னு நெனச்ச? ஒனக்கு. ‘எனக்குக் காலு குடுத்த பிள்ள நல்லா இருக்கணும்’னு நேந்திருக்கா. நமக்கு எதுக்கு முத்துமாரி இதெல்லாம், நாங்க வேதக்காரங்கல்லான்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கா. ‘நேந்தது நான், சுத்துதது நான், ஒங்களுக்கு என்ன டீச்சர்’ங்கா.”

“எத்தனை சுத்தியிருக்காங்க?”

“நேத்தே எரநூறைத் தாண்டிட்டா. இப்ப ரெண்டு நாளா காலுல டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருதாம். கொலுசு மாதிரி இருக்கு டீச்சர்னு சிரிக்கா.”

போனில் வரைபடத்தை வைத்து அளந்தேன். ஒரு சுற்று நானூறு மீட்டருக்குக் குறையாது. ஐந்நூற்றொரு சுற்று இருநூறு கிலோமீட்டர். பன்னிரண்டு நாளில், வெறுங்காலில், கல்தரையில். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு மூலைகள். நான்கிலும் வலப்பக்கமே திரும்பவேண்டும். அவளுக்கு மூட்டு வைத்ததும் வலது கால். எங்கள் மெஷின் நேராக மட்டும்தான் நடக்கும். அது ஒரு மூலையில்கூடத் திரும்பினதில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். நிறுத்துங்கக்கா என்று ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லவேண்டும். ஒரு பகல் முழுக்க போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, ராத்திரி ரயிலேறினேன். அந்த ஒரு பகலில் அவள் இன்னும் எத்தனை சுற்று போனாள் என்பது பிறகுதான் தெரிந்தது, நல்லவேளை. அன்றைக்குத் தறியில் ஆள் வரவில்லை என்று ஒரு சுற்றும் போகாமல் வேலைக்குப் போயிருந்தாள். என் கோழைத்தனத்துக்கு அந்தத் தறி முதலாளி தெரியாமல் முட்டுக்கொடுத்திருந்தார்.

காலை ஏழரைக்கு வீட்டில் பையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வாசலில் செருப்பு மலையாகக் குவிந்து கிடந்தது. வெளிப் பிரகாரத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரே திசையில் ஓடாத குறையாக நடந்துகொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். மூன்று நிமிஷத்தில் முத்துமாரி அக்கா வந்தாள். மஞ்சள் புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் தறியிலிருந்து எடுத்த நீல நூல். பத்துச் சுற்றுக்கு ஒரு முடிச்சு.

“ஏட்டி ஜெபி! நீ எப்ப வந்த? வா, வா, நின்னா கணக்கு விட்டுரும், நடந்துகிட்டே பேசுவோம்” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். “இது எரநூத்திப் பதிமூணு.”

அவளோடு நடந்தேன். கூட்டத்தின் சத்தத்திலும் எனக்கு அது கேட்டது. டிக். இரண்டு அடி. டிக். முப்பத்தோரு லட்சம் அடியில் நாலாம் நம்பர் எழுப்பிய அதே சத்தம் என்று சத்தியம் செய்யமாட்டேன். நான்தான் அதைக் காதால் கேட்கவே இல்லையே, கையெழுத்து மட்டும்தானே போட்டேன்.

“அக்கா, போதும்க்கா. நிறுத்துங்க. டாக்டர் ரொம்ப நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“எந்த டாக்டரு? போன மாசம் காட்டுனேனே, நல்லா நடங்கன்னாரு.”

“இப்ப புதுசா ரூல் வந்திருக்கு.”

“அம்மன்ட்ட வந்துட்டு ரூல் பேசுதா பாரு” என்று சிரித்தாள். “நூத்தியொண்ணு நான் வருஷா வருஷம் சுத்துனவ. காலு போனபொறவு எட்டு வருஷம் வாசல்ல நின்னு மத்தவ சுத்துததப் பாத்துட்டு அழுதுட்டுப் போவேன். இப்ப காலு இருக்கு. வலிச்சா அவ வாங்கிக்கிடுவா. நீ சும்மா வா.”

அடுத்த மூலையில் திரும்பும்போது அவள் முகம் ஒரு கணம் சுளித்தது. வலியை அம்மனுக்குக் கொடுத்துவிட்டவள் முகம் அப்படி இருக்காது. இனி ஒரு மூலைகூட என்னால் தாங்கமுடியாது என்று தோன்றியது.

“அக்கா, அந்த மூட்டுல ஒண்ணு எங்க மெஷின்லயே ஒடஞ்சிது” என்றேன்.

நடையை நிறுத்தவில்லை. “என்ன?”

“ஆறுல ஒண்ணு ஒடஞ்சிது. ஒடையறதுக்கு முன்னால இதே மாதிரி டிக்குன்னு சத்தம் வந்துது. போல்ட் தளந்துதான் ஒடஞ்சிதுன்னு நான் எழுதிட்டேன். ஆனா நான் போல்ட்ட அளக்கவே இல்ல. ரயிலுக்கு நேரமாச்சுன்னு கழட்டிட்டேன்.”

கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அவள் நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து மதிலோரமாக உட்காரவைத்தேன். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் எழுதியிருந்த நோட்டு, தட்டில் கிடந்த போல்ட், ஸ்பேர் மூட்டு, நாற்பத்தோராம் பக்கம், ஜாக்கெட்டைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் ஒரு பக்கம் மனசு இலேசாகவும் ஆனது.

அவள் வலது காலை நீட்டி, கணுக்காலை ஒரு கையால் மூடிக்கொண்டாள். பிறகு தறிக்காரியாகத்தான் கேட்டாள்.

“துணியில நூல் அறுந்து ஓட்ட விழுந்துட்டுன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? அந்த எடத்துக்கு நேரா கரையில ஒரு செவப்பு நூலக் கட்டி விட்டுருவோம். மடிக்கிறவன் பாத்து அந்தத் துண்ட ஒதுக்கிருவான். கட்டலன்னா அது கடைக்குப் போயி, ஒரு பொம்பள அதக் கட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருவா. நீ அந்த எடத்துல நூல் கட்டலையா?”

“கட்டல” என்றேன். “கட்டுன மாதிரி காட்டிக்கிட்டேன்.”

“எத்தன பேருக்கு வச்சிருக்கு இத?”

“உங்களோட சேத்து பத்தொம்பது பேரு.”

“மத்த பதினெட்டுப் பேருக்கும் டிக்குங்குதா?”

“தெரியலக்கா.”

“கேட்டியா?”

கேட்கவில்லை என்பது மட்டுமில்லை, அந்தப் பதினெட்டுப் பேரை நான் நினைக்கவே இல்லை. ஒரு நாள் முழுக்கத் தவித்ததும், ரயிலேறினதும், அழுததும் எல்லாம் எதிர்வரிசையில் மூன்றாம் வீட்டுக்காக மட்டும்தான். தெரிந்தவளிடம் வந்து சொல்லி, தெரிந்தவளிடம் திட்டு வாங்கி, தெரிந்தவளிடமே மன்னிப்பும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறேன். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“மன்னிச்சிருங்கக்கா” என்றேன்.

“எங்கிட்ட அதக் கேக்காத” என்றாள். குரல் உயரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “என் காலுக்கு நான் உன்னத் திட்டிக்கிடுதேன், அது நமக்குள்ள. அந்தப் பதினெட்டுப் பேரு உன்ன எங்க வந்து திட்டுவா? போன வச்சிருக்கல்லா? எழுது. யாருக்கு எழுதணுமோ அவங்களுக்கு எழுது.”

“சென்னைக்குப் போயி, மேனேஜர்ட்ட பேசிட்டு—”

“மறுபடியும் ரயிலா?” என்றாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். “நீ எழுது. எழுதி முடிக்க மட்டுக்கும் நான் சுத்துதேன்.”

“அக்கா, வேண்டாம்க்கா! கால் போயிரும்!”

“அப்ப வெரசா எழுது.”

போய்விட்டாள். மஞ்சள் புடவை கூட்டத்துக்குள் மறைந்தது. நான் மதிலில் சாய்ந்து போனைத் திறந்தேன். மூட்டு செய்கிற கம்பெனிக்கு, மதுரை டாக்டருக்கு, பாண்டிராஜுக்கு. விரல் அதுபாட்டுக்குப் பழைய வழக்கத்தில் போனது. ‘மீளாய்வு செய்தபோது சில நடைமுறைக் குறைபாடுகள் இருந்திருக்கக்கூடும் என்று கருதவேண்டியுள்ளது’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். யார் குறைபாடு, யார் கருதுகிறார்கள், ஒன்றும் இல்லை. எட்டு வருஷமாக அறிக்கை எழுதிப் பழகின கை. அதில் ஆளே இருக்கமாட்டார்கள்.

அவள் என்னைக் கடந்து போனாள். “எரநூத்திப் பதினாலு.”

அதை அழித்தேன். ‘போல்ட்டின் நிலை குறித்த பதிவு முழுமையாக இல்லாமல் இருக்கலாம்’ என்று எழுதினேன். அதையும் அழித்தேன். வேலை போகும். அது தெரிந்ததுதான். கேஸ் போடுவார்களா? அம்மா சபையில் எப்படி முகம் காட்டுவாள்? ஜாய்லின் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? ஒவ்வொரு யோசனைக்கும் நூறு மீட்டர் ஆகிறது என்று மண்டையில் உறைத்தபோது அவள் மறுபடியும் வந்துவிட்டாள். இந்தத் தடவை காலை லேசாக இழுத்தாள்.

“எரநூத்திப் பதினஞ்சு” என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

எல்லாவற்றையும் அழித்தேன். ஐந்து வரி எழுதினேன். ‘நாலாம் நம்பர் மூட்டு உடைந்தபோது நான் போல்ட்டுகளை அளக்கவில்லை. தளர்ந்திருந்தது என்று நான் எழுதியது ஊகம். மூட்டே பழுதாக இருந்திருக்கலாம். இதைப் பொருத்திய பத்தொன்பது பேரையும் உடனே கூப்பிட்டுப் பாருங்கள். ஒருவருக்குச் சத்தம் வருகிறது.’ கீழே என் பெயர். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

எழுந்து கூட்டத்துக்கு எதிராக ஓடினேன். ஆடிச்சுற்றில் யாரும் எதிராக வரமாட்டார்கள், ஆளாளுக்கு ஏசினார்கள். வடக்குப் பக்கத்து மூலையில் அவளைப் பிடித்தேன். சுவரைப் பிடித்தபடி ஒவ்வோர் அடியாக வைத்து வந்துகொண்டிருந்தாள்.

“அனுப்பிட்டேன்க்கா. அனுப்பிட்டேன். நில்லுங்க.”

“வாசி” என்றாள்.

நடுவழியில் நின்று தமிழில் சொன்னேன். ஐந்து வரியையும் கேட்டாள். “ஊகம்னா?” என்று கேட்டாள். “பாக்காம சொல்லுதது” என்றேன். தலையை ஆட்டினாள்.

“இத முடிச்சிருவோம். பாதிச் சுத்துல நிக்கக் கூடாது” என்று என் தோளில் கையைப் போட்டாள். அவள் வலது பக்கத்துப் பாரம் முழுவதையும் என் மேல் வாங்கிக்கொண்டு நடந்தேன். ஆரம்பித்த இடத்துக்கு வந்ததும், “எரநூத்திப் பதினாறு” என்று சொல்லி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியத்துக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். பிளாஸ்டிக்கின் உள்பக்க விளிம்பில் விரிசல். நாலாம் நம்பரில் நான் பார்த்த அதே இடம். முழுதாக உடையவில்லை, உடைந்து எலும்பைத் தின்றிருந்தால் காலையே மடக்க முடியாமல் ஒட்டவைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அடுத்த வாரம் பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம், அதுவரை கால் தரையில் படக் கூடாது என்றார். மற்ற பதினெட்டுப் பேரில் அன்று சாயங்காலத்துக்குள் பதினாலு பேருக்குப் போன் போய்விட்டது. இரண்டு பேர் தங்களுக்கும் சத்தம் வருகிறது என்று சொன்னார்கள். மூட்டுச் சத்தம் எல்லாருக்கும் வருவதுதானே என்று சும்மா இருந்தார்களாம். பாண்டிராஜ் ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: ‘விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம்.’

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முத்துமாரி அக்கா தலையணைக்கடியிலிருந்து அந்த நீல நூலை எடுத்து முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருந்தாள். இருபத்தோரு முடிச்சு, அதற்கு மேல் ஆறு சுற்று.

“மிச்சம் எரநூத்தி எண்பத்தஞ்சு” என்றாள். “தபசுக்கு இன்னும் ஆறு நாளு இருக்கு. நேந்தது உனக்குத்தான? உனக்கு வேலையும் இல்லல்லா?”

“நான் சுத்துதேன்க்கா” என்றேன். யோசிக்கவே இல்லை.

நர்ஸிடம் ஊசி நூல் கேட்டாள். சிவப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கினாள். நீல நூலில் இருபத்தோராம் முடிச்சுக்கு அப்புறம் கொஞ்சம் இடம் விட்டு, அந்தச் சிவப்பு நூலை இறுக்கிக் கட்டினாள். பல்லால் கடித்து அறுத்தாள்.

“இது எதுக்குக்கா?”

“இதுக்கு மேல சுத்துனது வேற ஆளுன்னு அம்மனுக்குத் தெரியணும்ல” என்றாள். நூலை என் உள்ளங்கையில் வைத்து மடக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு இறங்கினேன். “போதகர் கேட்டா, வாக்கிங் போறான்னு சொல்லிக்கிடுதேன்” என்றாள் அம்மா. மூன்றாம் நாள் இரண்டு பாதத்திலும் கொப்புளம். நான்காம் நாள் அது உடைந்தது. கூட வந்த பெண்கள், வலியை அம்மன் வாங்கிக்கொள்வாள், மனசால் கொடுத்துவிடு என்று சொன்னார்கள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் கொடுக்கவில்லை. ஐந்நூற்றொன்று முடிந்தபோதும் அது என்னிடம்தான் இருந்தது.